கழற்ற முடிகிற இணைப்பு

நவம்பர் 5, செவ்வாய்

மழையிலும் இன்று நானே வண்டியை இறக்கினேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை எங்கேயும் நிறுத்தவில்லை. போன வருஷம் வரைக்கும் கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவள் நான். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மலையில் அதற்கு வசதி இல்லை, கீழேதான் போக வேண்டும். பயம் ஒன்றும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் உள்ளங்கை வேர்க்கிறது. ஸ்டியரிங்குக்கு ஒரு உறை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

அவர் குடிக்கும் தண்ணீர், எடை, பிரஷர் எல்லாம் தினமும் எழுதச் சொன்னார் டயாலிசிஸ் வார்டு ஜெனிட்டா சிஸ்டர். "கூடவே உங்க மனசுல இருக்கறதையும் எழுதுங்கக்கா, கொஞ்சம் லேசாகும்" என்றார். எடையும் பிரஷரும் தனித்தாளில் இருக்கின்றன. மனசில் இருப்பதற்கு மகள் தமயந்தி விட்டுப்போன இந்த டைரி.

ஏறும்போது செக்போஸ்ட் வேகத்தடையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வண்டி குதித்து இறங்கியது. அடியில் டங்கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் வண்டி டிராக்டர் மாதிரி உறும ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டு."

தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையரானவர். பாய்லர், உலர்த்தும் மிஷின், நீராவிக் குழாய் எல்லாம் அவர் கைக்குள் இருந்தவை. அவரே ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை.

நவம்பர் 8, வெள்ளி

திரும்பும்போது பின்சீட்டில் உட்கார்கிறேன் என்றார். காலை நீட்டிக்கொள்ள வேண்டுமாம். ஏறி உட்கார்ந்து தன் பக்கத்துக் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிக்கொண்டார்.

"உன் பக்கத்துக் கண்ணாடியை எறக்கி வெச்சுக்க கோகிலா."

"குளிருதுங்க."

"பரவால்ல. காத்து பட்டாத்தான் தூக்கம் வராது."

எனக்குத் தூக்கம் வரும் என்று இவர் எப்போதிலிருந்து கவலைப்பட ஆரம்பித்தார் என்று சிரித்துக்கொண்டேன். காது விறைத்துப்போனது. அவர் வழி முழுக்கத் தூங்கினார். வீட்டு வாசலில் தோளைப் பிடித்து உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. டயாலிசிஸ் உடம்பை அடித்துப்போடும் என்று சொல்கிறார்கள். ஆனால் உதடு நல்ல சிவப்பாகத்தான் இருந்தது.

எனக்கு நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற்போல் தலைவலி. மூன்று துண்டு இஞ்சி தட்டிப்போட்டுக் காபி குடித்தேன். அவருக்கு அளந்த தண்ணீர்தான். அவர் முன்னால் காபி குடிக்க மனசு வரவில்லை, பின்கட்டில் நின்று குடித்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

தமயந்தி ஓசூரிலிருந்து பேசினாள். அவரிடம் போனைக் கொடுத்தேன். "நான் நல்லாத்தான் இருக்கேன் சாமி. அம்மாவைப் பாத்துக்க" என்றார். மறுபடி என்னிடம் வந்ததும், "என்னம்மா, அப்பா ஏன் இப்படிப் பேசறாரு?" என்று கேட்டாள். அப்பா எப்பவும் அப்படித்தானே என்றேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதை இங்கே எழுதப்போவதில்லை.

அவருக்கு ஆகாத உப்புச்சத்து போவதற்காக உருளைக்கிழங்கை நறுக்கி இரண்டு தண்ணீரில் ஊறவைத்து வடித்துப் பொரியல் செய்தேன். ருசியே இல்லை. முழுக்கச் சாப்பிட்டார்.

நவம்பர் 12, செவ்வாய்

இன்றும் மழை. ஏறும்போது வியூ பாயிண்ட் பக்கத்தில் நிறுத்தி வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்ட இட்லி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். பின்சீட்டிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"கண்ணாடி தெறந்துதானே வெச்சிருந்த?"

"மழை உள்ள அடிக்குதுங்க. சாத்திட்டேன்."

"சாத்தாதன்னு சொன்னேனில்ல!"

இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. கண்ணாடியை இறக்கினேன். இடது காதும் தோளும் நனைந்தே வீடு வந்து சேர்ந்தேன். இல்லை, வலது காது. டிரைவர் சீட் வலப்பக்கம்தானே. இப்போதெல்லாம் இப்படி ஏதாவது மாறிப்போகிறது. என் அம்மாவுக்கும் கடைசியில் மறதி இருந்தது. ஆனால் அப்போது அவளுக்கு வயது என்ன, எனக்கு இப்போது என்ன.

பயம் இல்லை. ஒரு முறை டாக்டரிடம் காட்டினால் போதும். அவர் உடம்பு கொஞ்சம் தேறட்டும்.

நவம்பர் 15, வெள்ளி

இதை மறுநாள் எழுதுகிறேன். நேற்று எழுத முடியவில்லை.

திரும்பும்போது மழை வாளியால் இறைத்தாற்போல் கொட்டியது, பனிமூட்டம் வேறு. கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அவர் கண்மூடிப் படுத்திருந்தார், அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். வளைவு வருகிறது என்று தெரிகிறது. ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்றும் தெரிகிறது. ஆனால் அந்த நினைப்புக்கும் என் கைக்கும் நடுவில் பஞ்சு மூட்டை வைத்தாற்போல் இருக்கிறது. எங்கோ தூரத்தில் யாரோ என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அடுத்த வீட்டில் யாரோ யாரையோ கூப்பிடுவது போலத்தான் எனக்குக் கேட்கிறது.

அவர் இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். வண்டி குறுக்கே திரும்பித் தடுப்புச்சுவரில் உராய்ந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகப் பனிமூட்டம்தான். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்தார். நடக்கவே மூச்சு வாங்குகிறவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. மழையில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, "மூச்சை இழு கோகிலா. நல்லா இழு. இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் வழிந்தது மழை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் தோள் குலுங்கியது.

எனக்குப் பேச்சு வந்ததும், "என்னங்க ஆச்சு எனக்கு?" என்று கேட்டேன்.

"உனக்கு ஒண்ணுமில்ல. சைலன்சர் லீக்காகுது. புகை உள்ள வருது."

கீழிருந்து வந்த பால்வண்டிக்காரர் ஒருவர் தன் வண்டியை உடன் வந்தவரிடம் கொடுத்துவிட்டு எங்கள் வண்டியை ஓட்டி வந்தார். நாலு கண்ணாடியும் திறந்திருந்தன. இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். நாடி பார்க்கிறாற்போல்.

நவம்பர் 16, சனி

ஷாகுலின் ஒர்க்ஷாப்புக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். பழைய பெட்ரோல் கார், அவன் கைதான் எப்போதும் பார்ப்பது. அடியில் படுத்து எழுந்தவன் முகமே மாறிவிட்டது.

இன்ஜினிலிருந்து வரும் புகைக்குழாய் நடுக்குழாயோடு சேரும் இடத்தில் ஒரு வளையம் வைத்து, இரண்டு ஸ்பிரிங் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்களாம். அந்த வளையம் கருகி உடைந்துவிட்டது. ஒரு போல்ட்டைக் காணோம். அங்கிருந்து ஒழுகிய புகை, பின்சீட்டுக்கு அடியில் துருப்பிடித்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது.

"எத்தனை நாளா அக்கா இதுல போயிட்டு வந்தீங்க? உயிரோட வந்ததே பெருசு. நாத்தம்கூடப் பெருசா தெரியாது. சும்மா தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"திரும்ப ஆகாம என்ன பண்ணலாம் ஷாகுல்?"

"ஜாயிண்ட்டுன்னு ஒண்ணு இருந்தாத்தானே லீக்கு? எல்லா ஜாயிண்ட்டையும் எடுத்துட்டு முன்னாலருந்து பின்னால வரைக்கும் ஒரே குழாயா வெல்டு வெச்சுடறேன். ஓட்டைக்குத் தகடு அடிச்சுடறேன்."

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. இணைப்பே இல்லாத குழாய். செய் என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18, திங்கள்

துணி துவைத்தேன், காயவில்லை.

காலையிலிருந்து ஒரு நினைப்பு பின்னாலேயே வருகிறது. அந்த மழையில், நான் பாதி மயக்கத்தில் இருக்கும்போது, வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் சைலன்சர் லீக் என்று சொன்னார். ஃபேக்டரியில் மாடியில் நின்றுகொண்டு கீழே எந்த வால்வில் நீராவி ஒழுகுகிறது என்று காதாலேயே சொல்வார் என்பார்கள்.

வேண்டாம். எழுத வேண்டாம்.

அவருடைய மாத்திரைகளை என் புடவை அலமாரிக்கு மாற்றி வைத்தேன். "ஏன்?" என்றார். எறும்பு வருகிறது என்றேன். சமையலறையில் இருந்துகொண்டே எதையாவது பேசிக்கொண்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் ஈரக்கையோடு ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

சாயங்காலத்துக்குள் இது எத்தனை முறை நடந்தது என்று தெரியாது. கடைசி முறை அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

போய் வந்தோம். வண்டியில் சத்தமே இல்லை. தலைவலியும் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் வண்டியைக் கிளப்பினேன். சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அவர் முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவர், அப்படியே நின்றார்.

"ஆஃப் பண்ணு."

"ஏனுங்க? நேரமாச்சு."

"ஆஃப் பண்ணிட்டு எறங்கி வா. மறுபடி ஒருக்கா கிளப்பி, வெளிய நின்னு கேளு. டிக்கு டிக்குன்னு மெல்லிசா அடிக்குதா?"

காதைக் கொடுத்துக் கேட்டேன். மழைத்தண்ணீர் தகரத்தில் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"வெல்டுக்குப் பக்கத்துல குழாய் வெடிச்சிருக்கு. இப்ப மெல்லிசாத்தான் இருக்கும். மேட்டுல ஏறும்போது வாயைப் பொளந்துடும். இதுல போக வேண்டாம். பஸ்ஸுல போலாம்."

மறுபடியும் அதே விஷம் என்கிற பயம் ஒரு பக்கம். அவரே வாய் திறந்து சொல்லிவிட்டார் என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எதற்காக அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசல் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் மலை இறங்கும்போது உட்கார இடம் கிடைத்தது. திரும்பும்போது கிடைக்கவில்லை. மலைமேல் அரவேணு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி குத்திய கையை யாரும் இடித்துவிடாமல் நான் குறுக்கே நின்றேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் முகம் வெளிறியது. வாரம் இரண்டு முறை இப்படி முடியாது. வண்டி வேண்டும்.

நவம்பர் 23, சனி

ஷாகுல் நொந்துபோனான். வெல்டுக்கு ஒட்டினாற்போலவே குழாயைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு விரிசல். "இன்னும் கனமாப் பட்டை வெச்சு வெல்டு அடிக்கறேண்ணே. இனி அசையாது."

"அசையாததுதான் தப்பு ஷாகுல்."

இத்தனை நாளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஸ்டூலை வண்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு. ஆக்சிலேட்டர் குடுத்தா முன்னும் பின்னும் ஆடும். பின்னால சைலன்சர் பாடியில தொங்குது. ரெண்டையும் ஒரே கம்பி மாதிரி இறுக்கிக் கட்டினா நடுவுல இருக்கறதுதானே கிழியும்? நீ எவ்வளவு கனமா வெச்சாலும் அதுக்கு அடுத்த எடத்துல கிழியும்."

"அப்ப ஜாயிண்ட்டு வெக்கணுங்கறீங்களா?"

"மூணு எடத்துல. முன்னால பழையபடி குமிழ் வளையம், ஸ்பிரிங் போல்ட். இன்ஜின் ஆடினா அந்த வளையம் திரும்பிக் குடுக்கும், ஆனா ஸ்பிரிங் அழுத்திட்டே இருக்கறதால காத்து ஒழுகாது. நடுவுல ஆட்டம் கெடையாது, அங்க ரெண்டு தட்டைத் தகடு, நடுவுல இடுக்கை அடைக்க கேஸ்கெட், மூணு போல்ட். பின்னால ஒரு குழாய்க்குள்ள ஒரு குழாய், மேல சுத்தி இறுக்கற கிளாம்ப்."

ஷாகுல் ஒரு பெட்டியிலிருந்து லாடம் மாதிரி வளைந்த கிளாம்ப்பை எடுத்துக் காட்டினான். அவர் தலையாட்டினார்.

"இது வேண்டாம். இது குழாயைக் கடிச்சு நசுக்கிடும். நசுங்கின எடத்துல புகை ஒழுகும், கழட்டணும்னாலும் வராது. அகலப் பட்டை கிளாம்ப்பு இருக்கில்ல, சுத்திலும் ஒரே மாதிரி அணைக்கறது? அதைப் போடு."

"இவ்வளவு ஜாயிண்ட்டு எதுக்குண்ணே? கழட்டி என்ன பண்ணப் போறோம்?"

"இந்த வண்டிக்கு கிளட்ச் மாத்தற நாள் வந்தாச்சு. கியர்பாக்ஸ எறக்கணும்னா குழாயை எறக்கணும். ஒட்டுக்கா வெல்டு வெச்சிருந்தா என்ன பண்ணுவ? அறுப்ப. மறுபடி ஒட்டுவ. ஒவ்வொரு ஒட்டும் ஒரு புது ஓட்டைக்கு எடம்."

இரண்டு பேரும் குனிந்து குழாயைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று இணைப்பு என்றால் விஷம் வர மூன்று வாசல்.

"எனக்கு ஜாயிண்ட்டே வேண்டாம்" என்று கத்திவிட்டேன். "எதையும் கழட்ட வேண்டாம். ஷாகுல், நீ வெல்டே வெச்சுடு."

"கோகிலா, சரியா வெச்சா ஒழுகாது. என்னை நம்பு."

"எப்படிங்க நம்பறது?"

ஷாகுல் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டான். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த கிளாம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்து ஆறிப்போனது.

நவம்பர் 24, ஞாயிறு

சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உட்கார் என்றார்.

"மொத நாளே சத்தம் கேட்டுச்சு" என்றார். "என்ன லீக்குன்னும் தெரிஞ்சுச்சு."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"நானா எதுவும் பண்ணல கோகிலா. சொல்லாம இருந்தேன், அவ்வளவுதான். பின்னால படுத்துத் தூங்கினா தூங்கினபடியே போயிடலாம்னு. நீ இந்த மலையில ஏறி எறங்கறதைப் பாக்க முடியல. உனக்குக் கை வேர்க்கறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

"நான் முன்னால உக்காந்திருந்தேனே."

"கண்ணாடி தெறந்திருந்தா உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா?"

"நெனச்சேன். அப்படி நெனச்சதை இப்ப நெனச்சா எனக்கே உடம்பு நடுங்குது. அந்த வளைவுல நீ தலையைத் தொங்கப் போட்டப்ப..."

நான் அவர் நெஞ்சில் குத்தினேன். ஊசி குத்துகிற கையின் பக்கம் போகாமல் பார்த்துப் பார்த்துக் குத்தினேன். அவர் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் அவர் மேலேயே சாய்ந்துகொண்டேன். வேறு எங்கே போவது.

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை டாக்டர் கேட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டார், வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று கேட்டார். ஒரு பிரச்சனையும் இல்லை டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"செவ்வாய்க்கெழம டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்" என்றேன்.

"சொல்லு."

"தமயந்திகிட்டயும்."

"நானே சொல்றேன்" என்றார்.

நவம்பர் 26, செவ்வாய்

பஸ்ஸில் போனோம். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, உபதேசமும் செய்யவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு இவர் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இப்படித் தோன்றுவது நிறையப் பேருக்கு வருவதுதான், மருந்து இருக்கிறது, பேச ஆள் இருக்கிறார் என்றார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கென்றே ஒரு அம்மா வருவார்களாம். இவர் தலையாட்டினார்.

அதே டாக்டர், எனக்கிருந்த தலைவலியும் தடுமாற்றமும் அந்தப் புகையால் வந்தவைதான், மறதி நோய் இல்லை என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். என் அம்மாவை நினைத்து நான் பயந்தது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஜெனிட்டா சிஸ்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவருக்கு நிற்க முடியவில்லை, ஆனாலும் உள்ளே போக வேண்டும் என்றார். கடைக்காரர் நாற்காலி போட்டார். வளையங்களில் பளபளப்பாக இருந்ததை ஒதுக்கிவிட்டு, கம்பி வலையோடு அழுத்திச் செய்த, சாம்பல் நிறத்தில் அசிங்கமாக இருந்த ஒன்றை எடுத்தார். இரும்பு நட்டு சூட்டில் துருப்பிடித்து இறுகிவிடுமாம், பித்தளை நட்டு கேட்டார். எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

நவம்பர் 28, வியாழன்

அவர் சொன்னபடியே மூன்று இணைப்பையும் மாட்டினார்கள். இந்த முறை நான் மறுக்கவில்லை. நானும் கூடவே நின்றேன். ஒவ்வொரு போல்ட்டையும் நான் தொட்டுப் பார்த்தேன்.

மாட்டி முடித்ததும் வண்டியைக் கிளப்பி, நனைத்த கோணியை மடித்து வால்குழாய் வாயில் ஷாகுல் அழுத்திப் பிடித்தான். வெளியேற வழி இல்லாவிட்டால் புகை இணைப்பில் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே சீறும். முன் இணைப்பு பேசவில்லை. நடுவில் புஸ்ஸென்று ஒரு சீறல்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றேன்.

"அதுக்குத்தான் பாக்கறது" என்றார். "ஒரு பக்கத்து போல்ட்ட மட்டும் முழுசா இறுக்கிட்டான். ஷாகுல், மூணையும் லூஸ் பண்ணு. கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி இறுக்கு. ஒண்ணு மட்டும் சொமக்கக் கூடாது."

இறுக்கினான். மறுபடியும் கோணியைப் பிடித்தான். இன்ஜின் திணறித் தானாக நின்றது. எங்கேயும் சீறல் இல்லை.

"ரெண்டு தடவ ஓடிச் சூடேறி ஆறட்டும். அப்புறம் ஒருக்கா இறுக்கிடு" என்றார் ஷாகுலிடம். ஸ்டூலிலிருந்து எழும்போது தள்ளாடினார். நான் பிடிப்பதற்குள் ஷாகுல் பிடித்துவிட்டான். சாயங்காலம் அவர் கால் நன்றாக வீங்கியிருந்தது.

நவம்பர் 29, வெள்ளி

நானே ஓட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது. எழுதிவிட்டேன். போகும்போதும் பயம், வரும்போதும் பயம். வாசனையே இல்லாத ஒன்றை மோந்து மோந்து பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சுவரில் உராய்ந்த அந்த வளைவில் எங்கள் காரின் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, எந்த வளைவுக்கு எந்த கியர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எரிச்சலாக இருந்தது. சொல்லட்டும் என்றும் இருந்தது.

பேசுகிற அம்மாவிடம் கொஞ்ச நேரம் பேசினாராம். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. மாத்திரைகள் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும் என்று அவரே சொன்னார்.

டிசம்பர் 6, வெள்ளி

இன்று டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது, மருந்துக் கடையில் சில்லறை வாங்க நான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். பிரஷர் இறங்கியிருக்கிறது, தனியாக நடக்க வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். மருந்தைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

வண்டி நிறுத்துமிடத்தின் கடைசியில், யாருடையதோ ஒரு வெள்ளைக் காரை நோக்கி அவர் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வண்டியாகப் பிடித்துப் பிடித்து. அந்தக் கார் ஓடிக்கொண்டே நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போட்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் முப்பது வயது ஆள் ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் ஒரு சின்னக் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

இவர் கண்ணாடியைத் தட்டினார். அந்த ஆள் கையை அசைத்துப் போகச் சொன்னார். மறுபடி தட்டினார். கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"என்னங்க பெரியவரே? எங்கம்மா உள்ள டயாலிசிஸ்ல இருக்காங்க, அதுக்குத்தான் நிறுத்தியிருக்கேன்."

"வண்டியை ஆஃப் பண்ணு தம்பி. குழந்தையை மொதல்ல வெளிய எடு."

"எதுக்கு?"

"உன் சைலன்சர் ஒழுகுது. புகை உள்ளதான் வந்துட்டிருக்கும்."

"அது ரொம்ப நாளா அப்படித்தான் சத்தம் போடுதுங்க. ஓடத்தானே செய்யுது."

"உனக்கு எத்தனை நாளா தலைவலி?"

அந்த ஆள் கையிலிருந்த போன் இறங்கியது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். குழந்தையை எடு."

அந்த ஆள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து குழந்தையை அள்ளித் தோளில் போட்டார். தலை தொங்கியது. இவர் அதன் முகத்தில் ஊதினார், கன்னத்தில் தட்டினார். குழந்தை முகத்தைச் சுளித்து, பிறகு ஊரே கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதது.

"அழட்டும், அழட்டும்" என்றார் இவர். "நல்லா காத்து இழுக்கட்டும். அப்படியே உள்ள தூக்கிட்டுப் போய் டாக்டர்ட்ட காட்டு. ரெண்டு பேரும் ரத்தம் எடுத்துப் பாருங்க. இந்த வண்டிய இங்கிருந்து எடுக்காத. நான் பாத்து வெக்கறேன்."

அந்த ஆள் குழந்தையோடு உள்ளே ஓடினார். இவர் காரின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தார். விழுகிறார் என்று நினைத்து நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். விழவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கிறார். ஊன்றிய கையில் ஊசி குத்திய இடத்துப் பஞ்சு சிவந்து நனைந்துகொண்டிருந்தது.

"ரத்தம் வருதுங்க."

"அழுத்திப் புடி" என்று கையை என்னிடம் நீட்டினார். தலையைத் திருப்பவில்லை. "நடு ஜாயிண்ட்டு எடத்துலதான் வெடிச்சிருக்கு. இவனும் வெல்டுதான் வெச்சிருக்கான்."

மண்ணில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் பஞ்சை அழுத்திக்கொண்டேன். உள்ளேயிருந்து அந்தக் குழந்தையின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.